பளபளப்பானது பொய் சொல்லும்

போயா நாள். இரண்டாம் குறுக்குத் தெருவில்
நாட்டாமிகளின் வண்டிகள் கைப்பிடியை நிலத்தில் ஊன்றிக் கிடந்தன.
பாலேந்திரா முதலாளி பூட்டைத் திறந்தார்.
ஷட்டர் இடுப்பளவு ஏறியதும் குனிந்து உள்ளே போனேன்.

"எல்லா ஃபேனையும் போடுங்கோ, ஏசியையும்.
சுமை இல்லாட்டிச் சூடு தெரியாது.
அரை மணித்தியாலம் ஓடட்டும்."
காப்புறுதிக்காரர் கேட்ட அறிக்கை.
அவருக்கு ஒரு கையொப்பம், எனக்கு ஒரு நாள் கூலி.

கமெராவின் மூடியைக் கழற்றினேன்.
உள்ளே அதன் சிறிய கதவு அடித்துத் திறந்தது,
டிக்,
தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் சத்தம்.
இதற்கு வெளிச்சம் வேண்டாம்.
சுவருக்கு அப்பால் பார்க்காது, அதெல்லாம் சினிமாவில்.
நேற்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில்
ஈரம் ஊறும் சுவரைத் தேடினேன், கருநீலமாய் அகப்பட்டது.
நிறங்கள் இதற்குச் சொந்தமில்லை, கடன் வாங்கியவை.
காட்சிக் கண்ணாடியின் முன் பிடித்தால்
உள்ளே நிற்கும் பொம்மையையும் சேலையையும் விட்டுவிட்டு
என்னைக் காட்டுகிறது:
மஞ்சள் நெற்றி, நீல மூக்கு.

காத்திருக்கிற நேரத்தில் மேல்மாடிக் களஞ்சியத்துக்கு ஏறினேன்.
திரைச்சேலைத் துணிக்கட்டுகள், எல்லாம் ஒரே ஊதா.
ஒரு கட்டின்மேல் மட்டும்
ஒரு ஆள் படுத்திருந்தார்.

ஆள் இல்லை.
ஆளின் சூடு.
தோளின் அகலம், இடுப்பு, மடித்த முழங்கால்,
தலை இருந்த இடத்தில் செம்மஞ்சள் வட்டம்.
பார்த்துக்கொண்டிருக்கவே ஓரங்கள் கரைந்தன.
முப்பத்துமூன்று. முப்பத்திரண்டு தசம் நான்கு.
பக்கத்தில் ஒரு பிளேன்ரீக் கோப்பை, நாற்பத்தொன்று.
சுவரில், இடுப்புயரத்தில், ஐந்து விரல்:
ஷட்டர் சத்தத்துக்கு எழும்பியபோது ஊன்றியிருக்க வேண்டும்.
கமெராவைத் தாழ்த்திப் பார்த்தேன்.
வெறும் சுவர்.

விசையை அழுத்தினேன். படம் பதினேழு.

"ராவிலை இங்க ஆரும் நிக்கிறவையோ?"
"ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி.
வெளியால பூட்டிப்போட்டுத்தானே போறனான்."

கீழே மின்பலகை.
செம்புச் சட்டம் மின்னியது. மின்னுவதை நம்பக்கூடாது,
தன் சூட்டை ஒளித்துவிட்டு
எதிரே நிற்பவரின் சூட்டைக் காட்டும்.
மெயினை இறக்கி, கறுப்பு டேப்பில் ஒரு துண்டு ஒட்டி,
மறுபடி ஏற்றிக் காத்திருந்தேன்.
சிவப்புப் பேஸ் முப்பத்தெட்டு. மஞ்சள் முப்பத்தொன்பது.
நீலப் பேஸ் திரையில் வெள்ளையாய் எரிந்தது:
எண்பத்தேழு.

ஒரு திருகாணி. அரைச் சுற்றுத் தளர்வு.
மேல்மாடிக்கு ஏறும் வயர்,
அதன் மறுமுனையில் எங்கோ ஒரு கேத்தல்.

மீண்டும் இறக்கி, இறுக்கினேன்.
அந்த அரைச் சுற்றுக்குள் இருந்தன
துணிக்கட்டும், கோப்பையும்,
வெளியால பூட்டின ஷட்டரும்.
ஏற்றிப் பார்த்தேன். சற்று நேரத்தில் நாற்பதுக்கு இறங்கியது.
என் கை மட்டும் திரையில் அசைந்துகொண்டே இருந்தது.

படம் பதினேழை அழித்தேன்.
ஒருவரின் வேலையைப் பறிக்க ஒரு படம் போதும்.
அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
பின்கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

முதலாளி வாசித்தார்.
"ஆருக்கு?"
"அப்பிடித்தான் விதி," என்றேன்.
அவர் கேட்டதும் அதுவல்ல, நான் சொன்னதும் அதுவல்ல.

ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினார்.
மேலே எங்கோ ஒரு குழாய் திறந்து மூடியது,
அல்லது பக்கத்துக் கடையில்.

அவருடைய கார் திரும்பும்வரை நின்றேன்.
ஷட்டரில் இரண்டு தட்டுத் தட்டினேன்.
பதில் இல்லை.
நானும் அவருடைய ஆள் என்று நினைத்திருக்கலாம்.

பித்தளைப் பூட்டு, புதிது, நன்றாகத் துடைத்தது.
கமெராவை அதற்கு நேரே பிடித்தேன்.
டிக்.
பூட்டின் சூடு தெரியவில்லை.
மஞ்சள் நெற்றி, நீல மூக்கு.