எண் முப்பத்தொன்று

எங்கள் தெருவில் ரொட்டிக்கடை இரண்டு,
பல் மருத்துவமனை ஒன்பது.
எல்லை தாண்டி ஷோப்ரோனுக்கு
ரயிலில் வருகிறார்கள் ஆஸ்திரியர்கள்,
பாதி விலைக்கு வாய் திறக்க.

இன்று காலை ஏகோன்.
வியன்னாவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
அறுபத்தொரு வயதில் நடனம் கற்கிறாராம்.
யாரோடு என்று சொல்லவில்லை.

உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்
எல்லா மனிதரும் ஒரே குதிரை.
விரல் தடிமன் கேமரா
கடைவாயில் தொடங்கி ஊர்ந்து வருகிறது.
திரையில் துண்டு துண்டாய் விளைகிறது அவர் வாய்,
நாக்கில்லாமல், எச்சிலில்லாமல்,
சாம்பல்நிறக் களிமண்ணாக.

கண்மணி இரண்டையும் சேர்த்து ஒரு கோடு.
மூக்கின் நடுவிலிருந்து கீழே இன்னொன்று.
கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன.
முகம்தான் இல்லை.

மென்பொருளுக்குள் ஒரு நூலகம் உண்டு.
புத்தகமில்லை, பற்கள்.
உயிருள்ள யார் யார் வாயிலிருந்தோ அளந்தவை,
பெயரைக் கழற்றிவிட்டு எண் மாட்டியவை.
குளியலறைக்கு ஓடு பார்ப்பவர் போல
ஏகோன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்.
"இது."
முப்பத்தொன்று.

எனக்குத் தெரியும் அதை.
இடப்பக்கம் இரண்டாவது பல்
நெரிசலில் தோள் ஒடுக்கி நிற்பவளைப் போல
ஒரு நூல் திரும்பியிருக்கும்.

பேச் நகரில் படித்த வருடம்
கல்லூரிச் சுவரில் ஓர் அறிவிப்பு:
நல்ல பல்வரிசை உள்ளவர்கள் தேவை.
அச்செடுக்கும் இளஞ்சிவப்புப் பசையைக் கடித்தபடி
நாலு நிமிடம் மூக்கால் மூச்சு விட்டேன்.
வந்த பணத்தில் குளிர்காலத்துக்கு பூட்ஸ் வாங்கினேன்.
கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்கவில்லை.
மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.
இவர்கள் பல்லை வாங்கிக்கொண்டு
மாட்டை விட்டுவிட்டார்கள்.

பூட்ஸ் இரண்டு குளிர்காலம் உழைத்தது.

பிறகு கல்யாணம். பிறகு சுவிஸ் பிராங்கில் வீட்டுக்கடன்.
பிராங்க் ஏற ஏற
ஒவ்வொரு மாதமும் அதே வீட்டுக்கு
இன்னொரு அறை கட்டியதுபோல் தவணை.
பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினேன் என்றால்
மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சு.
நான் நிஜமாகவே கடித்தேன்,
தூக்கத்தில், வருடக்கணக்காக.
என் முன்பற்கள் இப்போது
ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை.
அளந்தது நானேதான், இதே கருவியால்,
எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில்.

பதினொன்றரைக்கு
பிசினில் வார்த்த மாதிரியை
ஏகோனின் பற்கள்மேல் அழுத்தி உட்கார வைத்தார்
டாக்டர் சில்வெஸ்டர்.
"ஐம்பதிலிருந்து எண்ணுங்கள்."
ஜெர்மனில் ஐம்பது என்பதே
மேற்பல் கீழுதட்டை இரண்டு முறை தொட்டால்தான் வரும்.
பல் போனால் சொல் போச்சு.
வந்த பல்லுக்குச் சொல் வருகிறதா
என்பதுதான் எங்கள் சோதனை.
ஐம்பத்தி நாலில் கொஞ்சம் காற்று போனது.
ஐம்பத்தைந்து சுத்தமாக விழுந்தது.

கண்ணாடியில் சிரித்தார்.
பலாட்டன் ஏரியில், இடுப்பளவு தண்ணீரில்,
இருபத்தொரு வயதில் எதற்கோ நான் சிரித்தது
அவருடைய நரைத்த மீசைக்குக் கீழே இருந்தது.
எதற்கென்றுதான் நினைவில்லை.
பல்லுக்கும் இல்லை.

"நன்றாக இருக்கிறது," என்றார்.
"இந்த ஒன்று மட்டும் திரும்பியிருக்கிறதே.
நேராக்க முடியுமா?"

மவுஸைப் பிடித்தேன். மூன்று டிகிரி.
வலியில்லாமல் திரும்பியது.
பழையதை அழிக்கவா என்று கேட்டது திரை.
ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்
அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தேன்.
அழித்தாலும் இந்த ஒரு கணினியில்தான்.
பாரிஸிலோ போர்ட்டோவிலோ இந்நேரம் யாரோ
அதைக் கொண்டு ஆப்பிள் கடித்துக்கொண்டிருக்கலாம்.

கோட்டு மாட்டும்போது கேட்டார்:
"நாள் முழுக்க இதையே செய்கிறீர்கள்.
உங்களுக்கும் ஒரு செட் போட்டுக்கொள்ளக் கூடாதா?"

உதடு பிரியாமல் சிரித்தேன்,
எப்போதும் சிரிப்பதுபோல.

விலை அதிகம் என்றேன்.