புரி

மேல்வீட்டு கெர்பர் அம்மாளின் குளியலறை
எங்கள் குசினிக் கூரையில் கசிந்தது.
மன்னிப்பாக
ஒரு போத்தல் வெள்ளை வைன் கொண்டுவந்தாள்.
துவான் திராட்சை,
ஏரியோரம், ரயிலில் பத்து நிமிடம் என்றாள்.
இப்போது பலதுக்கும் தகர மூடி.
இவளுடையது தக்கை.

நாங்கள் குடிக்கிற ஆட்கள் இல்லை.
ஆனால் மூடியிருக்கிற ஒன்றை
அப்படியே அலுமாரியில் விட்டுவைக்க
எனக்கு வராது.

நாலு பிராங் தொண்ணூறுக்கு
ஒரு தக்கைத் திருகி வாங்கினேன்.
தலையைத் திருகத் திருக
அதன் இரு கைகளும் மெல்ல எழும்,
சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டவன் போல.
கைகளை அமுக்கினேன்.
தக்கை அங்கேயே இருந்தது.
அதன் நடு மட்டும்
மாவாக வந்தது.

நேசராசன் சிரித்தான்:
"எட்டு மணித்தியாலம் திருகாணி கடைகிறவளுக்கு
ஒரு திருகாணி மடங்கவில்லை."

போத்தலைத் தேத்தண்ணி வடியில் வடித்தோம்.
அவன் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான்.
மிச்சம் கெர்பர் அம்மாளுக்கே
மேலேறிப் போனது.

பதினோரு வருடம்
பீல் நகரில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
கைக்கடிகாரத்துக்குள் போகும் திருகாணிகளைக் கடைகிறேன்.
ஒரு தேக்கரண்டிக்குள் ஆயிரம் கொள்ளும்.
தும்மினால் ஒரு நாள் சம்பளம் பறந்துவிடும்.
அவை பிடித்து வைக்கப் பிறந்தவை,
போனால் போனதுதான்.
இது வேறு ரகம்.
திரும்பி வரவென்றே உள்ளே போகிறது,
அதுவும்
போன வீட்டையே இழுத்துக்கொண்டு.

வேலைக்குக் கொண்டுபோய்
கண்ணில் வில்லையைச் செருகிப் பார்த்தேன்.
பிழை நடுவில்.
நடுவே ஒரு தண்டு, சுற்றிலும் கூர் விளிம்பு.
பலகைக்குத் துளை போடுகிற துறப்பணத்தை
போத்தலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
வழியெல்லாம் தின்றுகொண்டே போகிறது.
தின்ற இடத்தில் பிடி ஏது?

நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது.
வெறுமையைச் சுற்றி ஓடும் ஒரு கம்பி,
தலைகீழாகப் பிடித்தால்
உள்ளே ஒரு தீக்குச்சி நுழைய வேண்டும்.
நுனியும்
கம்பி போகிற தடத்திலேயே நிற்க வேண்டும்.
பின்னால் வருகிற ஒவ்வொரு சுற்றும்
முன்னது போன துளைக்குள்ளேயே போகும்.
தக்கைக்குத் தெரியவே தெரியாது.

புரி என்றால் முறுக்கு.
புரி என்றால் விளங்கிக்கொள்.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற ஒருத்தி
இதை அரைகுறை ஜெர்மனில்
போர்மன் ஷ்டால்டருக்குச் சொன்னாள்.
"கடையில் நல்லது கிடைக்குமே," என்றார்.
"கிடைக்கும்," என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
மரை கழன்றுவிட்டதோ என்று நினைத்திருக்கலாம்.
வெள்ளிக்கிழமை மத்தியானம்
மெஷினை விட்டுத் தந்தார்.

மூன்று மில்லிமீட்டர் கம்பி.
நாலு மில்லிமீட்டர் உருளையில் சுற்றினேன்,
புரிக்குப் புரி ஒன்பது, ஐந்து சுற்று.
இரண்டாவது கம்பி முறிந்தது.
மூன்றாவது, நுனி தீட்டும்போது
என் கட்டைவிரலை முதலில் திறந்து பார்த்தது.
கைப்பிடிக்கு,
நிலவறையில் யாரோ எறிந்த
பனிச்சறுக்குத் தடியின் தலை.

பதினாறு பிராங்குக்கு ஒரு போத்தல்
நானே வாங்கினேன், திறக்க.
முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி
திருகினேன், வெண்ணெயில் போவது போல் போனது.
இழுத்தேன்.
தயங்கியது.
பிறகு அந்தச் சத்தம்,
யாரோ ஒரு சொல்லைத் தொடங்கி
வேண்டாமென்று விட்டது போல.

தக்கையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
முழுசு. துகள் இல்லை.
நேசராசன் போத்தலைப் பார்த்தான்.
"இதை என்ன செய்யிறது?"
அதை நான் யோசித்திருக்கவில்லை.

இப்போது மூன்றாம் மாடியில் பிறந்தநாள் என்றால் கூப்பிடுகிறார்கள்.
போகிறேன், திறக்கிறேன்,
ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு இறங்கி வருகிறேன்.
மூன்று வாரமாக யாரும் பிறக்கவில்லை.

குசினிக் கூரையில் அந்தக் கறை
சாப்பாட்டுத் தட்டளவு.
பின்னேரம் கதிரையில் ஏறி
விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.

நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது.