களைத்த வாக்குகள்

கார்மன் பூஹாஜாரின் முகத்தை
ஐந்து தேர்தலுக்கு வேலிகளில் கட்டியவன் நான்.
மூலைக்கு ஒன்றாக நான்கு பிளாஸ்டிக் பட்டி.
காற்றடித்தால் நெற்றி மட்டும் மடங்கும்.
படத்தை அவள் மாற்றவேயில்லை,
காசு மிச்சம் என்றாள்.
முதல் தேர்தலின் தலைமயிரோடுதான்
கடைசித் தேர்தலையும் தோற்றாள்.

மால்ட்டாக்காரி. தகப்பனுக்குக் கோழிப்பண்ணை,
இப்போது டயர்க்கடை நிற்கிற காணியில்.
கட்சி இல்லை.
கேட்டது ஒன்றுதான்:
மேற்கு சிட்னியின் எங்கள் ரயில் நிலையத்துக்கு
ஒரு லிஃப்ட்.
ஐம்பத்திரண்டு படி,
பிள்ளை வண்டியோடு ஏறிப் பார், பிறகு பேசு
என்பாள் மந்திரிமாரிடம்.

முதல் முறை அறுநூற்றுப் பதினொன்று.
கட்டுக்காசு போயிற்று.
அடுத்த முறை மூன்றாம் இடம்.
பள்ளிக்கூட வாசலில் சொசேஜ் சுட்ட பெண்கள்
மிஞ்சியதைப் பொதி கட்டிக் கொடுத்தார்கள்.
கண்ணைத் துடைத்தாள்.
வெங்காயம் என்றாள்.

மூன்றாம் முறைதான் எனக்கு விளங்கியது
இந்த ஊர்க் கணக்கு.
ஒன்று போட்ட ஆள் தோற்றால்
அந்தத் தாளில் இரண்டைத் தேடுவார்கள்,
இரண்டும் தோற்றால் மூன்றை.
முதல் விருப்பாய் அவளைக் கொண்டவர் கொஞ்சப் பேர்.
இரண்டாவதாய்க் கொண்டது ஊரே.
ஒன்பது நாள் எண்ணினார்கள்,
நாற்பத்தொரு வாக்கால் வென்றாள்.
மக்குவாரித் தெருச் சட்டசபைக்கு
ரயிலில்தான் போனாள்,
அந்தப் படிகளில் ஏறி.

எட்டு வருடம்.
இரண்டு முறை பணம் ஒதுக்கி
இரண்டு முறையும் வேறு தொகுதிக்குத் திருப்பினார்கள்.
மூன்றாம் முறை குழி தோண்டினார்கள்.
குழியைச் சுற்றிய மஞ்சள் வேலியிலும்
அவள் முகத்தைக் கட்டினேன்,
ரயில்வே கழற்றச் சொன்னது.

ஐந்தாம் தேர்தலின் வாக்குச்சீட்டில்
துவாரகி குலவீரசிங்கம் இருந்தாள்.
முழுப் பெயரும், ஓர் எழுத்தும் பிசகாமல்.
இருபத்தாறு வயது, வழக்கறிஞர்.
வெல்லமாட்டாள், அவளுக்கே தெரியும்.

அட்டைத் தடுப்புக்குள் நின்றேன்.
நூலில் கட்டிய பென்சில்.
எங்கட பெயர் ஒன்று, பக்கத்தில் வெறும் கட்டம்.
ஒன்று என்று போட்டேன்.
போட்டுவிட்டு
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
மடித்துப் பெட்டிக்குள் விட்டேன்.
வெளியே வந்து ஆறு மணி மட்டும்
கார்மனின் துண்டுத்தாளைக் கொடுத்தேன்,
"இரண்டாவதையும் மறக்காமல் போடுங்கோ" என்று
ஒவ்வொருவருக்கும் சொல்லி.

எண்ணும் மண்டபத்தில் அவளுடைய முகவர் நான்.
பார்க்கலாம், தொடக்கூடாது.
துவாரகி வெளியேறினாள்.
அவளுடைய தாள்களைப் பிரித்தார்கள்:
அடுத்த எண் இருந்தால் அந்தப் பக்கம்,
இல்லையென்றால் இந்தக் கட்டு.
இந்தக் கட்டுக்கு இங்கே ஒரு பெயர் உண்டு,
களைத்த வாக்குகள்.
ஆயிரத்து முந்நூறுக்கு மேல்.

என்னுடைய ஒன்றை எனக்குத் தெரியும்,
தலையில் கொக்கி, காலில் கோடு.
ரப்பர் வளையம் போடுகையில்
அது மேலே கிடந்தது.
அப்படி எழுதுகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள்
என்று சொல்லிக்கொண்டேன்.
இருக்கலாம்.

இருபத்தேழு வாக்கால் தோற்றாள்.

லிஃப்டை வென்றவன் திறந்தான், நவம்பரில்.
பெயர்ப்பலகையில் அவன் பெயர்.
கார்மன் கூட்டத்தின் பின்னால் நின்றாள்,
எல்லாரும் போனபின் உள்ளே வந்தாள்.
நானும் ஏறினேன்.

"என்ர படங்கள் உன்னிடம் எத்தனை இருக்கு?"
பதினேழு என்றேன்.
ஒன்று கார் டிக்கியில், மீன் பெட்டிக்குக் கீழே,
அதைச் சொல்லவில்லை.
வேறொன்றையும் சொல்லவில்லை.
"வைத்திரு" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.
இரண்டு பேரும்
மற்றவர் பொத்தானை அழுத்தியிருப்பார் என்று
நின்றுகொண்டிருந்தோம்.