விரல் பதியவில்லை

திங்கள் காலை ஐந்தே கால்.
கேம்ப் வாசலில் வரிசை.
மூன்றாவது முறையும் மெஷின் சொல்கிறது:
விரல் பதியவில்லை.

பதியாது.
ரேகையை நேற்று
ராஸ் அல் கைமா பக்கம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்,
வாதி பீஹ் சுண்ணாம்புப் பாறையில்,
நாலாவது போல்ட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே.

வாரம் ஆறு நாளும் கயிற்றில்தான் வேலை.
முப்பத்தெட்டாம் மாடியில் கண்ணாடி துடைக்கையில்
கயிறு என்னைச் சுமக்கும்,
நான் வாளியைச் சுமப்பேன்.
ஞாயிற்றுக்கிழமைக் கயிறு வேறு.
கொஞ்சம் இழுபடும்.
சும்மா கூடவே வரும்,
விழுந்தால் மட்டும் பேசும்.

"லீவு நாள்லயுமா தொங்குற?"
பக்கத்துக் கட்டில் ஜெபமணி.
அது தொங்குவதில்லை என்று
அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை.

இருட்டோடு தொடங்கினோம்.
எட்டு மணிக்கு வெயில் பாறையைப் பிடித்துவிடும்.
கீழே கயிறு பிடித்தவள் ஜோசலின்,
அஜ்மானில் பிசியோதெரபி உதவியாளர்,
என் எடையில் முக்கால்கூட இல்லை.
ஒரு கணு மட்டும் நுழையும் விளிம்பு.
அதில் நான்கு விரல்.
இடது காலை இடுப்புயரம் தூக்கி வைத்து
உடம்பைச் சுவரோடு ஒட்டி எழும்பினேன்.
முன்னங்கை இரண்டும்
ஊறப்போட்ட உளுந்தாய் உப்பிக்கொண்டே போக
கை திறந்துகொண்டது.
நான் திறக்கவில்லை.

பதினைந்தடி.
கயிறு பேசியது.
தரையிலிருந்து தூக்கப்பட்ட ஜோசலின்
அந்தரத்தில் எனக்கு எதிரே நின்று
"ஹலோ" என்றாள்.

இரவு சட்டைப் பொத்தான் கழற்ற வரவில்லை.
தண்ணீர் பாட்டில் மூடியை ஜெபமணி திறந்தான்.
வலது மோதிர விரலின் அடியில் ஒரு புள்ளி,
அழுத்தினால் முழங்கைவரை மின்னுகிறது.
ஜோசலின் அனுப்பிய குரல்:
மூன்று வாரம் பாறை கிடையாது.
வலி குறைந்ததும் அரிசிக்குள் கையை விட்டு
மெல்ல மூடு, மெல்லத் திற.

அறையில் இருப்பது ஒரே மூட்டை,
எட்டுப் பேருக்குப் பொது.
புதன் இரவு மணிக்கட்டுவரை புதைத்து உட்கார்ந்தேன்.
மூடு. திற.
அரிசி குளிர்ந்திருந்தது.
"கை கழுவினியா?" என்றான் ஜெபமணி,
"நாளைக்கு வடிக்கணும்."

துடைப்பானை இடது கைக்கு மாற்றியிருக்கிறேன்.
கோடு விழுகிறது கண்ணாடியில்,
சூப்பர்வைசர் இன்னும் பார்க்கவில்லை.
அவர்தான் மூன்று நாளாக
என் எண்ணைக் கையால் அடிக்கிறார், முனகியபடி.

வியாழன், ஐந்தே கால்.
பச்சை விளக்கு.
மெஷினுக்கு நான் மறுபடி நான்தான்.
பாட்டில் மூடிக்கு மட்டும்
இன்னும் ஜெபமணி.