மருந்து

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு டப்பா.
ஒன்று என்னுடையது, இருமலுக்கும் காய்ச்சலுக்கும்.
மற்றது பெலவேந்திரனுடையது.
கறுப்பு மணல்போல் இருக்கும்.
மழைக்காலத்தில் சர்க்கரையைவிடப் பத்திரமாக
மூடிவைக்கிறேன்.

ஏலத்தில் எடுத்த ரைபிள்.
குழலில் எழுத்து தேய்ந்து
ஏதோ ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.
செய்த கம்பெனி இல்லை. தோட்டாவும் இல்லை.
மெழுகு ஊற்றி அச்செடுத்து அளந்தான்.
புத்தகத்தில் அதற்கு மூத்தது இருக்கிறது,
இளையது இருக்கிறது,
நடுவில் பிறந்ததற்கு ஒரு வரி இல்லை.

"நடுவுல உள்ளதுதான, நடுவுல ஒரு அளவு போடு"
என்றார் முகைதீன்.
கரும்பு அவருடையது.
கொள்ளிடக் கரையேறி வந்த பன்றிகள்
ஒரே ராத்திரியில் அரை மா உழுதுவிட்டிருந்தன.
வனத்துறைத் தாள் அவர் சட்டைப்பையில்
வியர்வையில் நைந்துகொண்டிருந்தது.
முப்பது நாள் கெடு, ஒன்பது போய்விட்டது.

அளவு எழுதாத சீட்டோடு கைக்குழந்தை வந்தால்
டாக்டரைக் கூப்பிடுவேன்.
இதற்குக் கூப்பிட ஆள் இல்லை.
தராசைத் துடைத்துவைத்தேன்.

இளையதன் அளவில் தொடங்கு என்றேன்.
இன்னும் கீழே போனால் இன்னும் நல்லதுதானே?
"இல்ல சலேத்து. பெரிய கூட்டுல கொஞ்சம் மருந்து
படுத்துக் கெடந்தா எப்புடிப் பத்தும்னு தெரியாது.
அதுவும் வெடிக்கும்."
குறைத்தாலும் கெடுதல் என்று
மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களிடம்
நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது
அவனுக்கு எப்போது கேட்டதோ.

வைகாசி. ஆறு முழுக்க மணல்.
லாரி டயரில் ரைபிளைக் கட்டி
மேட்டுக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு
கயிற்றை இழுத்தோம்.
ஏட்டு வெள்ளரிப்பிஞ்சு தின்றபடி
எங்களைவிட இருபதடி பின்னால்.

ஒவ்வொரு வெற்றுக்கூட்டையும் லென்ஸில் படித்தேன்.
முதல் மூன்றின் பின்பக்கப் பொட்டு
ஓரம் உருண்டு, பிள்ளைக் கன்னம்போல.
நான்காவதும் அப்படித்தான்,
அதில் ஐந்து குண்டு
அட்டையில் ஒரே வெற்றிலைக்குள் அடங்கின.
ஐந்தாவதில் பொட்டு
தண்டவாளத்தில் வைத்த காசாகிவிட்டது.
போல்ட்டைத் திறக்க
பெலவேந்திரன் உள்ளங்கையால் தட்டினான்.

"தொறந்துச்சுல்ல? ஒரு சிட்டிகை கூட்டு,
பன்னி நின்ன இடத்துலயே விழும்."

போன வருசம் திருவிழாவுக்கு மறுநாள்
மேலத்தெரு சின்னையன் சுகாதார நிலையத்துக்கு
நடந்தேதான் வந்தார், வலது கையைத் துண்டில் பொத்தி.
அந்த வெடிச்சத்தம் நான் கேட்டதில்லை.
துண்டைப் பிரித்தது நான்.

அதை நான் முகைதீனிடம் சொல்லவில்லை.
"இப்ப மணி ஏழரை.
மத்தியானம் தோட்டா பைக் பெட்டியில கெடந்தா
மருந்துக்கும் காய்ச்சல் வரும் பாய்,
அப்ப இதே அளவு வேற அளவு"
என்று மட்டும் சொன்னேன்.
நோட்டில் ஐந்தாம் வரிக்கு மேல்
சிவப்பு மையால் ஒரு கோடு.
அதற்குக் கீழே நான்கு. அங்கேயே நிற்கட்டும்.

ஆறாவதற்கென்று அவன் முன்பே அடைத்துவைத்திருந்த மூன்றையும்
அன்றிரவே பிரிக்கவைத்தேன்.
குண்டு தனி, கூடு தனி.
மருந்தைப் பாகல்கொடியின் அடியில் தூவினேன்.

பன்றி பிறகு ஒருமுறைகூட வரவில்லை.
கயிற்றுச் சத்தமோ, ஆற்றில் தண்ணீர் விட்டதோ,
முகைதீன் கரும்பே அலுத்துப்போனதோ.
தாள் காலாவதியாகிவிட்டது.

மீந்த பதினொன்றும் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன.
நான் எழுதி ஒட்டிய சீட்டில்
தேதி, அளவு, பெயர்,
இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்,
பிறருக்குக் கொடுக்கவேண்டாம்.
கை பழக்கத்தில் கடைசி வரியையும் எழுதிவிட்டது:
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.