ஒன்றுக்கு எண்பத்தேழு

முதலில் மண் பிழைத்தது.
இணுவில் தோட்டமொன்றின் வரம்பில் நானே அள்ளி,
வெயிலில் காயவைத்து,
மா அரிக்கும் அரிதட்டில் மூன்று தரம் அரித்து,
பசை பூசிய பலகையில் தூவினேன்.
நிறம் சரி.
ஆனால் ஒவ்வொரு மணியும்
தேசிக்காயளவு கல்லாய்க் கிடந்தது
எங்கள் கணக்கில்.
மண்ணைப் போல் இருக்க மண்ணால் முடியவில்லை.
பிறகு, அச்சு வார்க்கும் வெள்ளைத் தூள்,
காவிப்பொடி, ஊற்றி முடித்த தேயிலைச் சக்கை
மூன்றையும் அரைத்துத் தூவியதும்
சேந்தன் குனிந்து பார்த்தான்:
"இப்பதான் இணுவில்."

நான் பல் செய்கிறவள்.
ஆஸ்பத்திரி வீதியில், மேல்மாடியில்,
முகம் தெரியாதவர்களின் கடைவாய்களை
வார்த்து, அராவி, மினுக்கி,
பெயர் ஒட்டிய சின்னப் பெட்டிகளில் அனுப்புகிறேன்.
பொய்ப்பல்லென்று தெரியாமலிருக்க
கொஞ்சம் மஞ்சள் வேண்டும்,
விளிம்பில் ஒரு மயிர்க்கீறல் வேண்டும்.
சுவருக்கும் அதே விதிதான்.

பனைகளை ஈர்க்கில் செய்தோம்.
ஓலைக்குக் கடதாசி, ஒவ்வொன்றிலும் பதினாறு வெட்டு.
நாற்பத்தொரு மரங்களையும் சேந்தன்
மட்டம் வைத்து நேராய் நட்டான்.
"பனையா இது, தந்திக்கம்பமா?" என்றேன்.
இரண்டு கிழமை ஆள் வரவில்லை.
வந்த அன்று ஒன்றைப் பிடுங்கி
தலையை நறுக்கி
அதே குழியில் நட்டான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ரேசனில்தான் வாக்குவாதம்.
எந்த வருசம்?
ஓடு வேய்ந்திருந்த வருசமா,
கூரைக்குள் ஆலங்கன்று நின்ற வருசமா,
புதுப்பெயின்ற் மணந்த வருசமா?
"தண்டவாளமே இல்லாத வருசத்தைச் செய்வம்,
எஞ்சின் காசு மிச்சம்."
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

சரி, சுவரில் ரவைத்துளை போடுவோமென்று தொடங்கினோம்.
பல் துளைக்கும் ஊசிகளில்
உள்ளதில் மெல்லியதை எடுத்துக் குத்தினேன்.
எண்பத்தேழால் பெருக்கினான்.
மறுபடியும் தேசிக்காய்.
ரவை அவ்வளவு சின்னது.
அவ்வளவு சின்னதுக்கு
என் லாச்சியில் கருவி இல்லை.
துளையை அடைத்துப் பூசினோம்.
காய்ந்த பிறகு பூசின இடம்
ஒரு சாதி வெளிறித் தெரிந்தது.
அதில் மட்டும் இரண்டுபேரும் கைவைக்கவில்லை.

எஞ்சினை ஸ்காபரோவிலிருந்து மச்சாள் அனுப்பினாள்.
பெட்டியைத் திறந்தால்
மூஞ்சியில் பனி தள்ளுகிற கலப்பை!
சேந்தன் அரத்தைத் தேடினான்.
விடு, என்றேன்.
நீலம் மட்டும் அடித்தோம்.
இப்போது அது
வெங்காயப் பாத்திகளுக்கு நடுவால்
வராத பனியைத் தள்ளிக்கொண்டு
ஒன்பது செக்கனில் ஊரைச் சுற்றி முடிக்கிறது.

ஆட்கள் இரண்டு சென்ரிமீற்றர் உயரம்.
பச்சைக்கொடிக்கு நகப்பூச்சு.
கேற்றடியில் ஒரு ஓட்டோ, சீமெந்து ஏற்றின லாண்ட்மாஸ்ரர்,
ஸ்கூட்டரில் இருந்தபடி போன் பார்க்கிற பெண்.
மூடின கேற்றுக்குக் கீழால்
சைக்கிளைச் சரித்து நுழைகிறார் ஒரு மனிதர்;
வந்து பார்க்கிற எல்லாரும்
அவர் தங்கள் சொந்தக்காரர் என்கிறார்கள்.

இந்த அறைக்கும் மெய்யான பாதைக்கும்
ஒரு வேலி, ஒரு கிணறு, நாற்பது அடி.
பின்னேரக் கோச்சி கொக்குவிலைத் தாண்டும்போது
மேசை தெரிந்துகொள்கிறது.
தூள்கல் சரியும்.
தலையில்லாததோடு சேர்த்து
நாற்பத்தொரு பனையும் ஆடும்.
எல்லாம் சுருக்கின பலகையில்
அதிர்வு மட்டும் ஒன்றுக்கு ஒன்று.
பற்கம்பியை வளைத்துச் செய்த கேற்
மோட்டர் இல்லாமல்
தானாகக் கீழே இறங்கும்,
வெளியே போகிற வண்டிக்காக.

பிணைச்சல் தளர்ந்துபோச்சு என்கிறான் சேந்தன்.
ஒரு சொட்டுப் பசை காணும் என்கிறான்.
காணும்தான்.
நாளைக்குப் பார்ப்பம் என்கிறேன்,
இண்டைக்கு மல்லாகத்து ரீச்சரின்
கீழ்வரிசை முடிக்கவேணும்.