நாளைக்குத்தான் சாயம்

சாயம் அடிப்பது ஒரு நாள் கூத்து,
அதற்கு முன்னால் இருப்பதுதான் வேலை என்றார்
ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கத்து ஹார்டுவேர் தவுக்கே.
ஒரு வாளி சாயம் வாங்கப் போனவளின் முன்னால்
உப்புத்தாள் பன்னிரண்டு, பட்டி ஒரு டப்பா,
தகட்டுக் கரண்டி, ஒட்டுநாடா ஆறு சுருள்
அடுக்கி வைத்துவிட்டு
எழுபத்து மூன்று வெள்ளி என்றார்.
சாயம் இன்னும் வாங்கவே இல்லை.

தனசீலனுக்கு இரவு வேலை.
விடிந்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல்
அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தார்.
மறு முனை நான்.
தூக்கு என்றார், தூக்கினேன்.
இழுங்க என்றேன், தள்ளினார்.
பதினேழு வருசமாய் இப்படித்தான் என்று சொல்ல வந்தேன்;
விரல் நசுங்கியதில்
வேறு சொல் வந்துவிட்டது.

அலமாரிக்குப் பின்னால்
பல்லுடைந்த சீப்பு, பல்லிமுட்டை இரண்டு,
யுகேஸ்வரி தேடித்தேடி அழுத அழிப்பான்,
ஓர் ஐம்பது காசு,
அப்புறம்
நாங்கள் குடிவந்த வருசத்து நிறம்:
அலமாரி அகலத்துக்கு, அலமாரி உயரத்துக்கு.
சுற்றிலும் இருப்பதை
இதுநாள்வரை வெள்ளை என்றே நம்பியிருக்கிறேன்.

அவர் தூங்கப் போய்விட்டார்.
சாமான்கள் நடுக்கூடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாய்,
மேலே கிழிந்த படுக்கைவிரிப்பு.
தரைக்குப் பழைய நாளிதழ்.
மரண அறிவித்தல் பக்கங்களை மட்டும்
முகம் கீழாகத் திருப்பிப் போட்டேன்.
யாரென்று தெரியாதவர்கள்தான்.
ஆனாலும் மிதிக்க வேண்டாம்.

ஆணிகள் மொத்தம் முப்பத்தொன்று.
காலண்டருக்கு மட்டும் நான்கு;
ஓட்டை பெரிசாகிப் போக
பக்கத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.
பிடுங்கிய இடத்தில் எல்லாம்
பட்டியை விரலால் திணித்து, கரண்டியால் வழித்து,
காயவிட்டுத் தேய்த்தேன்.
வெள்ளைக்கு அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் ரோசா.
எங்களுக்கு முன் இருந்த சீனக் குடும்பம்,
அவர்களுக்கும் முன் யாரோ.
இன்னும் எத்தனை என்று பார்க்கும் ஆசையில்
சிமெண்டு வந்துவிட்டது.
இதற்கும் சேர்த்துத்தான் பட்டி தந்திருக்கிறார் போல தவுக்கே.

கூரையோரம் ஒரு மஞ்சள் கறை,
அவர்கள் பத்தி கொளுத்திய மூலை.
போன தடவை மேலேயே பூசினோம்;
மூன்று மாதத்தில் வெளியே வந்து
பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.
எங்கள் சாமி விளக்கும் அங்கேதான்.
இப்போது அந்தக் கறையில் பாதி எங்களுடையது.

ஜன்னலோரம்,
முன்பு தொலைபேசி இருந்த இடத்தில்
பென்சிலில் ஒரு நம்பர்.
என் கையெழுத்துதான். ஏழுக்குக் குறுக்கே
கோடு போடுகிறவள் இந்த வீட்டில் நான் மட்டும்.
பெயர் இல்லை. அடியில் அழுத்தமாய் இரண்டு கோடு.
ஆஸ்பத்திரியா,
வந்து பார்க்கச் சொன்ன தொழிற்சாலையா,
கடன் தருகிறேன் என்ற யாராவதா?
இரண்டு கோடு போடுமளவுக்கு
எனக்கு அன்று என்ன வந்தது?
உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.
அழைத்த எண் சேவையில் இல்லை என்று
மலாயில் ஒருத்தி,
மரியாதையாய், இரண்டு தடவை.

மலையிலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது.
ஈரத்தில் பட்டி காயாது. ஜன்னலைச் சாத்தினேன்.
எழுந்து வந்த தனசீலன்
இமைமயிர் வரை வெளுத்திருந்த என்னைப் பார்த்து
கோப்பி கலக்கவா என்றார்.
நம்பரைக் காட்டினேன்.
கண்ணாடி இல்லாமல், குனிந்து,
பத்து இலக்கத்துக்குத் தேவையானதைவிட
நெடுநேரம் படித்தார்.
'இது நாம கூப்பிடாமலே விட்டது' என்றார்.
யாரை என்று நான் கேட்கவில்லை.
கோப்பியில் சீனி அதிகம்.

பிறகு தேய்த்தேன்.
பென்சில் போய்விட்டது, பள்ளம் போகவில்லை.
கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
அத்தனை இலக்கமும் அப்படியே தெரிகிறது,
அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன்.
சுண்டுவிரலில் பட்டியெடுத்து
ஒவ்வோர் எண்ணாய் நிரப்பினேன்.
ஏழின் குறுக்குக் கோட்டுக்கு மட்டும்
இரண்டு தடவை.

காயட்டும்.